குளக்கட்டுக்கு மண் போடுவது யார்?

1832 இல் பிரித்தானியர் இலங்கையில் இராஜகாரியத்தை ஒழித்தனர். கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரைப்படி, குடிமக்களைக் கூலியின்றி வேலை வாங்கும் உரிமையை அரசு கைவிட்டது. அது நல்ல சீர்திருத்தமே என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஊர் கூடிக் குளத்தைப் பேணும் பழைய கடமையை வலியுறுத்துவதற்கும் அதன்பின் ஆளில்லாமற் போயிற்று.

வன்னியிலும் வடமத்திய மாகாணத்திலும் உள்ள சிறு குளங்களின் கட்டு வெறும் மண்ணாலானது. மாரி மழை அதைக் கரைக்கும், மாடுகள் மிதிக்கும், மரவேர்களும் கறையானும் துளையிடும். எனவே ஆண்டுதோறும் மண் போட்டே ஆகவேண்டும். வயலில் எவருக்கு எவ்வளவு பங்கோ அந்த அளவுக்குக் கட்டிலும் அவருக்கு ஒரு பகுதி உண்டு என்பது வழமை. ஒருவர் தம் பகுதியைக் கைவிட்டால் கட்டு அந்த இடத்திலேயே உடையும். உடைந்த பின்னரோ நீரை இழப்பவர் அவர் மட்டுமல்லர். அயலாரின் சோம்பலைத் தட்டிக்கேட்கும் உரிமை ஊருக்கு இருந்ததன் காரணம் இதுதான்.

பெருங்குளங்கள் பல, பொலநறுவை வீழ்ந்த 13 ஆம் நூற்றாண்டிலிருந்தே பாழடைந்து வந்தவை என்பதையும் சொல்லியாகவேண்டும். எல்லாப் பழியையும் 1832 இன் தலையில் சுமத்துவது வரலாறாகாது. ஆயினும் எஞ்சியிருந்த ஊர்க்குளங்களின் நலிவை ஆங்கில அதிகாரிகளே உணர்ந்தனர். தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில், 1856 இல், நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் பிறந்தது. வயற்சொந்தக்காரரைக் கூட்டி, பண்டைய வழமைகளை அவர்கள் வாயாலேயே கேட்டறிந்து, அவற்றை விதிகளாக்குவதற்கு அது வழி செய்தது. ஊரின் பிடி தளர இடங்கொடுத்த அரசே, கால் நூற்றாண்டு கழிய அந்த ஊரிடம் வழமையைக் கேட்டு எழுதிக்கொண்டது!

அந்த விதிகளை நடைமுறைப்படுத்தியவர், சிங்களத்தில் வெல்விதானை என்றும் மட்டக்களப்பிலே வட்டைவிதானை என்றும் அழைக்கப்பட்டவர். துருசு திறப்பது, வேலி அடைக்கச் செய்வது, தண்ணீர் பங்கிடுவது எல்லாம் அவர் பொறுப்பு. ஊதியம் விளைச்சலில் ஒரு பங்கு. பெரும்பாலும் வசதி படைத்த குடும்பத்தவராகையால் பாரபட்சமும் இருந்தது. 1958 இல் பிலிப் குணவர்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் அவரிடத்தில் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமர்த்தியது. அதன்பின் சட்டங்கள் மாறி மாறி வந்தன. 2000 ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம் அப்பொறுப்பைக் கமக்காரர் அமைப்புகளிடம் விட்டிருக்கிறது.

செய்தியாளனாகப் பயிர்ச்செய்கைக் கூட்டங்கள் சிலவற்றில் அமர்ந்திருக்கிறேன். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்பதில் குரல்கள் உயரும். கட்டுத் திருத்தம் என்ற பேச்சு எழுந்ததும் எல்லோருடைய பார்வையும் மேசையிலிருக்கும் அதிகாரியை நோக்கித் திரும்பும். அவரோ நிதி ஒதுக்கீடு வந்தபின் ஒப்பந்தக்காரரை அனுப்புவதாகச் சொல்வார்.