'வேணும்' என்று செபித்தவர்கள்

1542-இல் புனித பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது, பரதவ மக்கள் திருமுழுக்குப் பெற்றுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. கற்றுக்கொடுக்கத்தான் ஆளில்லை. இரு மொழியும் அறிந்தவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, மிகுந்த சிரமத்தோடு செபங்களைத் தமிழாக்கினார். கையில் மணியுடன் தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். (இன்று நம் மறைக்கல்வி வகுப்புக்கு மணியடித்தால் எத்தனை பேர் வருகிறார்கள் என்பது வேறு கதை!)

விசுவாசப் பிரமாணத்தின் 12 கூறுகளையும் அவர் ஒரே மூச்சில் சொல்ல விடவில்லை. ஒவ்வொரு கூறு முடிந்ததும், அதை ஐயமின்றி நம்ப வரம் தாரும் என்று இயேசுவிடம் எல்லாரும் சேர்ந்து மன்றாடினார்கள். நாமோ ஞாயிறு திருப்பலியில் கடகடவென்று முடித்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம்.

அந்த மொழிபெயர்ப்பில் ஒரு பிழையும் இருந்தது. 'விசுவசிக்கிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்று இருந்தது. பின்னாளில் சவேரியாரே, தம்மோடு உழைத்த மான்சிலாசுக்குக் கடிதம் எழுதி அதைத் திருத்தச் சொன்னார். அதுவரை அம்மக்கள் கடவுள்முன் நின்று 'எனக்கு வேணும்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தச் செபத்தை அவர் தள்ளியிருப்பார் என்று நமக்குத் தோன்றவில்லை.