நீலகிரித் தைலம் (உட்கொள்வதன் ஆபத்து)

யூகலிப்டஸ் இலையைக் காய்ச்சி வடிக்கும் நறுமண எண்ணெய். முதன்மைக் கூறு சினியோல். மரத்தின் தாயகம் ஆஸ்திரேலியா. 1843 வாக்கில் நீலகிரிக்கு வந்தது.

ஓசூர், கிருஷ்ணகிரி வீடுகளில் சளி பிடித்தால் கைக்குட்டையில் இரண்டு சொட்டு, ஆவி பிடிக்கச் சில சொட்டு. அது தேய்க்கவும் முகரவும்தான். சர்க்கரையில் சொட்டு விட்டுக் கொடுக்கும் கைவைத்தியம் குழந்தைகளுக்கு ஆகவே ஆகாது. சிறு குப்பி, பார்வைக்கு இருமல் மருந்துபோலவே இருக்கும்; தவறு நேர்வது பெரும்பாலும் அங்கேதான். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மி.லி., குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் வாந்தி, வாயில் தைல வாடை. பிறகு மயக்கம், வலிப்பு. சில நேரம் அரை மணிக்குள்ளேயே.

ஓசூருக்கு அடுத்த பெங்களூரின் செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனை நரம்பியல் மருத்துவர்கள், யூகலிப்டஸ், கற்பூர எண்ணெய்கள் பெரியவர்களுக்கும் வலிப்பைத் தூண்டுவதை 2021இல் வெளியான ஆய்வில் பதிவுசெய்தனர். முகர்ந்தவர்களும் பூசியவர்களும்கூட அதில் உண்டு. ‘இயற்கையானதுதானே’ என்ற சமாதானம் இங்கே செல்லாது.

இதற்கு நச்சு முறிவு மருந்து கிடையாது. விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். குப்பியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஆம்புலன்ஸ் எண் 108.