முதலில் காசு, அப்புறம் பேச்சு!

ஆரம்ப காலத்தில் செல்போன் வியாபாரம் என்பது கடன் வியாபாரம். மாசம் முழுக்கப் பேசு, கடைசியில் பில் வரும். கடன் என்றாலே கம்பெனி ஆளைப் பார்க்கும். டெபாசிட் கேட்கும், அட்ரஸ் ப்ரூஃப் கேட்கும். சித்தாள் வேலைக்குப் போகிறவருக்கும் காலேஜ் பையனுக்கும் யார் கடன் கொடுப்பார்கள்?

1995-ல் போர்ச்சுகலில் டி.எம்.என். என்கிற கம்பெனி 'மிமோ' என்று ஒரு கார்டு போட்டது. அந்த ஊர் பாஷையில் மிமோ என்றால் செல்லம், கொஞ்சல். டெபாசிட் வேண்டாம், மாச பில் வேண்டாம். காசைப் போடு, பேசு! ப்ரீபெய்டு சங்கதியின் முன்னோடிகளில் அது ஒன்று. இன்றைக்கு இந்தியாவில் செல்போன் வைத்திருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் ப்ரீபெய்டு ஆசாமிகள்தான்.

வாடிக்கையாளருக்கு சுலபம். தலைவலி கம்பெனிக்கு. போஸ்ட்பெய்டில் பேசி முடித்தபிறகு எக்ஸ்சேஞ்ச் ஒரு குறிப்பு எழுதி வைத்தால் போதும், மாசக் கடைசியில் கூட்டிக்கொள்ளலாம். ப்ரீபெய்டிலோ பேச்சு நடக்கும்போதே கணக்கு ஓட வேண்டும். காசு தீர்ந்த விநாடியில் லைனை வெட்ட வேண்டும். அதற்காக ஒரு கம்ப்யூட்டரைக் கணக்குப்பிள்ளையாக உட்கார வைத்தார்கள்.

அவர் வெளிநாட்டுக்குப் போனால்? அந்த ஊர் எக்ஸ்சேஞ்சுக்கு நம்மூர்க் கணக்குப்பிள்ளையிடம் பேச பாஷை தெரியாது. ஆகவே ரோமிங் கிடையாது. 'கேமல்' என்று ஒரு பொது பாஷை உருவான பிறகே இது சரியாயிற்று. (ஒட்டகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நீளமான ஒரு பெயரின் சுருக்கம்.)

பிறகு செல்போனுக்குள் இன்டர்நெட் வந்தது. பேச்சுக்கு நிமிஷக் கணக்கு சரி, டேட்டாவுக்கு? டயல்-அப் காலத்திலிருந்தே 'ரேடியஸ்' என்றொரு முறை இருந்தது. அதன் வாரிசு 2003-ல் தரமாக வெளியானது. பெயர் 'டயாமீட்டர்'. ஆரத்தைப்போல விட்டம் இரண்டு மடங்கு இல்லையா? எஞ்சினியர்களின் ஜோக்!

2005-ல் பேலன்ஸ் பார்ப்பதற்கென்றே அதில் ஒரு பிரிவு சேர்ந்தது. நெட்வொர்க்கில் அது ஓடும் பாதைக்கு ஜி-ஒய் என்று பெயர். காமர்ஸ் படித்தவர்கள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள், ஏறக்குறைய பெட்டி கேஷ்தான். நீங்கள் ஒரு வீடியோவைத் திறக்கிறீர்கள். வாசலில் நிற்கும் கேட்வே, 'இவருக்கு எவ்வளவு விடலாம்?' என்று கணக்குப்பிள்ளையைக் கேட்கும். 'பத்து எம்.பி. விடு' என்பார் அவர். அதற்கான காசைத் தனியே எடுத்து வைத்துவிடுவார். அது தீரும் சமயத்தில் மறுபடி கேள்வி. மிச்சமிருந்தால் உங்கள் கணக்குக்கே திரும்பும்.

பக்கத்திலேயே இன்னொரு பாதை, ஜி-எக்ஸ். அதன் மறுமுனையில் இருப்பவர் கணக்குப்பிள்ளை அல்ல, மேனேஜர். செல்போன் தரங்களை வகுக்கும் த்ரீ-ஜி-பி-பி அமைப்பு, 2007 வாக்கில் வந்த தன் ஏழாவது பதிப்பில் இந்த இருவரையும் ஒரே திட்டத்தில் சேர்த்து வைத்தது. மேனேஜர் உத்தரவு போடுவார்: இவருடைய இன்றைய கோட்டா முடிந்தது, வேகத்தைக் குறை. இந்த அழைப்புக்கு முன்னுரிமை கொடு. இந்த வெப்சைட்டுக்குப் போகும் டேட்டாவைத் தனிக் கணக்கில் எழுது.

கடைசி உத்தரவைக் கவனியுங்கள். தனிக் கணக்கு என்றால் தனி விலை வைக்கலாம். பூஜ்யமும் ஒரு விலைதானே!

2015-ல் இந்த பூஜ்யம்தான் நம் நாட்டில் பெரிய சண்டையைக் கிளப்பியது. ஃபேஸ்புக், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் சேர்ந்து குறிப்பிட்ட சில தளங்களை மட்டும் இலவசமாகத் தந்தது. பின்னால் அதற்கு 'ஃப்ரீ பேசிக்ஸ்' என்று பெயர் மாற்றினார்கள். 'ஏர்டெல் ஜீரோ'வும் அந்த வருஷம்தான். ஏழைக்கு இலவசமாகக் கிடைப்பதை ஏன் தடுக்கிறீர்கள் என்று ஒரு கட்சி கேட்டது. எந்தத் தளம் இலவசம் என்று முடிவு செய்ய நீ யார் என்று மறுகட்சி கேட்டது. நான் மறுகட்சி. பேலன்ஸில் அஞ்சு ரூபாய் வைத்திருப்பவர் இலவசத் தளங்களைத் தாண்டிப் போகமாட்டார். அவருக்கு இன்டர்நெட் என்பதே அவ்வளவுதான் என்றாகிவிடும். கடன் கிடைக்காதவரை உள்ளே விட்ட அதே கணக்குப்பிள்ளை, அவரைத் திண்ணையோடு நிறுத்தி வைப்பதற்கும் பயன்படுவார்.

2016 பிப்ரவரி 8 அன்று ட்ராய் தீர்ப்பு சொன்னது. எதைப் பார்க்கிறார் என்பதை வைத்து டேட்டாவுக்கு வெவ்வேறு விலை வைக்கக் கூடாது. அவசர காலச் சேவைகளுக்கு மட்டும் விலக்கு. சில நாட்களிலேயே ஃபேஸ்புக் அந்தத் திட்டத்தை இந்தியாவில் மூட்டை கட்டியது. விதியை மீறினால் அபராதம் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம். இந்தக் கம்பெனிகளுக்கு அது டீ செலவு!