காதற்ற ஊசியும் ஊசியின் காதும்

எர்ணாவூரிலிருந்து கடற்கரைச் சாலை வழியே தெற்கு நோக்கிச் சென்றால் திருவொற்றியூர். கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டப்பட்ட கருங்கற்களும், துறைமுகத்திற்குக் காத்து நிற்கும் கண்டெய்னர் லாரிகளும் வழிநெடுக நம்முடன் வரும். அவ்வூர்க் கடலோரத்தில் பட்டினத்தடிகளின் சமாதிக் கோயில் உள்ளது. எத்தனையோ முறை அதைக் கடந்து சென்றும் நாம் உள்ளே கால் வைத்ததில்லை. சிறுவயதில் அவ்விடம் வந்ததும் பாட்டி நம் நெற்றியில் சிலுவை அடையாளம் இட்டு, முகத்தைத் திருப்பி விடுவார்.

அண்மையில் அண்டை வீட்டு மீனவ நண்பர் நம்மை அழைத்தார். "அண்ணே, அப்பா இருந்தவரைக்கும் அவரோட போவேன். இந்தத் தடவை நீங்க கூட வரணும்" என்றார். ஆண்டுதோறும் வேளாங்கண்ணிக்கு நம்முடன் வந்து மெழுகுவர்த்தி ஏற்றுபவர் அவர். மறுக்க நமக்கு மனம் வரவில்லை.

பட்டினத்தார் காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகர். அவருடைய வளர்ப்பு மகன் மருதவாணர் கடல் வாணிகம் சென்று திரும்பி, ஒரு பேழையைக் கொடுத்துவிட்டு மறைந்தார் என்பது வரலாறாக வழங்கும் கதை. பேழைக்குள் காதற்ற ஓர் ஊசி. கூடவே ஓர் ஓலை. இறுதி வழிக்கு இவ்வூசிகூட உடன் வாராது என்பதே ஓலையின் செய்தி. அன்றே அனைத்தையும் துறந்தார். கையில் ஏந்திய பேய்க்கரும்பு திருவொற்றியூரில் இனித்ததென்றும், கடற்கரைச் சிறுவர்களோடு விளையாடியபடியே மறைந்தாரென்றும் சொல்வர். இப்பெயரில் 10ஆம் நூற்றாண்டில் ஒருவரும் பிற்காலத்தில் ஒருவரும் வாழ்ந்தனர் என்பது ஆய்வாளர் கருத்து. மக்கள் மனத்திலோ இருவரும் ஒருவரே.

சமாதியின் முன் நின்றபோது, அசிசி நகர்த் துணி வணிகரின் மகன் நம் நினைவில் வந்தார். புனித பிரான்சிசும் தந்தையின் செல்வத்தைத் துறந்தார். 1226இல் வெறுந்தரையில் கிடந்து உயிர் நீத்தார். மொழியும் மறையும் வேறு. வணிகர் வீட்டிலிருந்து வெறுங்கையோடு வெளியேறிய துணிவு ஒன்றே.

அப்போது திருநீற்றுத் தட்டு நம்மிடம் வந்தது. ஒரு நொடி தடுமாறினோம்.

இத்தடுமாற்றம் நம்முடையது மட்டுமன்று. தமிழகத் திருச்சபையில் நானூறு ஆண்டுப் பழமையுடையது. 1606இல் மதுரை வந்த தத்துவ போதகர் ராபர்ட் தே நொபிலி, பூணூலும் குடுமியும் சந்தனமும் சமுதாய அடையாளங்களே என வாதிட்டார். 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் அவற்றை அனுமதித்தார். 1704இல் புதுச்சேரியில் தூர்னோன் ஆண்டகை வெளியிட்ட ஆணை திருநீறு உள்ளிட்ட பலவற்றைத் தடுத்தது. 1739 முதல் மறைபரப்பாளர்கள் இத்தடைகளைக் காப்பதாக ஆணையிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது; அந்த உறுதிமொழி நீக்கப்பட்டது 1940இல்தான். ஜப்பானியக் கத்தோலிக்கரும் ஷிந்தோ ஆலயங்களின் முன் இதே கேள்வியோடு நின்றனர். அங்கு நடக்கும் அரசு விழாக்களில் நாட்டுப்பற்றின் அடையாளமாகத் தலை வணங்கலாம் என உரோமை 1936இல் விடை தந்தது. இறுதியாக 1965 அக்டோபர் 28 அன்று, பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாய் இருப்பவற்றைத் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது.

ஏற்பது வேறு, மதிப்பது வேறு. நாம் திருநீற்றை நெற்றியில் அணியவில்லை. முகத்தைத் திருப்பவும் இல்லை. கைகூப்பித் தலை வணங்கினோம். நண்பர் நம்மைப் பார்த்தார், வருந்தவில்லை. நம் ஆலயத்தில் நற்கருணை வேளையில் அவரும் இடத்தை விட்டு நகராமல் இப்படியே கைகூப்பி நிற்பவர்தானே! பாட்டியின் மேல் நமக்குக் குறையில்லை. தம்மிடம் இருந்த விசுவாசச் செல்வம் களவு போய்விடக் கூடாதென அஞ்சினார், அவ்வளவே. அது களவு போகவில்லை என்பதை அன்று உணர்ந்தோம்.

ஆண்டுதோறும் திருநீற்றுப் புதனன்று நாமும் சாம்பல் பூசிக்கொள்கிறோம். மண்ணுக்குத் திரும்புவோம் என்பதைக் கேட்கிறோம். மறுநாளே மறந்துவிடுகிறோம். செல்வர் விண்ணரசில் நுழைவது பற்றிப் பேசுகையில் இயேசு பெருமான் ஊசியின் காதைக் காட்டினார். காதற்ற ஊசியைக் கண்ட வணிகரோ எல்லாவற்றையும் விட்டுவிட்டார். நற்செய்தியை நாள்தோறும் கேட்கும் நாம் எதை விட்டிருக்கிறோம்?

வெளியே வந்தோம். லாரிகள் சரக்கோடு நின்றுகொண்டிருந்தன. நாம் வெறுங்கையோடு எர்ணாவூர் நோக்கி நடந்தோம்.