பெயர் இழந்த நூலாசிரியர்

சில ஆண்டுகளுக்கு முன் கல்லூரி மாணவன் ஒருவன் தன் கட்டுரையை என்னிடம் கொண்டுவந்தான். தென்னகப் பழக்கவழக்கங்களைப் பற்றிய கட்டுரை அது. எடுத்தாண்ட பகுதி ஒவ்வொன்றின் கீழும் ‘அபே துபுவா’ என்று குறித்திருந்தான். பிறர் எழுதியதை எடுத்தால் அவர் பெயரைச் சொல்லவேண்டும் என்று வகுப்பில் நான் சொன்னதை அப்படியே கடைப்பிடித்த பிள்ளை. ஆயினும் அவன் எழுதிய பெயர் பல இடங்களில் தவறு. அத்தவறு அவனுடையதன்று.

துபுவா, பாரிசு வெளிநாட்டு மறைபோதக சபையைச் சார்ந்த குரு. 1792இல் இந்தியா வந்து மைசூர்ப் பகுதியில் நெடுங்காலம் உழைத்தார். அம்மைப்பால் குத்தும் முறையை மக்களிடையே பரப்பிய பெருமையும் அவருக்கு உண்டு. இந்துக்களின் வாழ்க்கைமுறை பற்றி அவர் அளித்த கையெழுத்துப் படியைக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைகொடுத்து வாங்கிற்று. ஆங்கிலத்திலும், பின்னர் 1825இல் பிரஞ்சிலும் அது நூலாக வந்து பெரும்புகழ் ஈட்டியது.

1987இல் சில்வியா முர் என்னும் பிரஞ்சு ஆய்வாளர், தெவோ என்ற படை அதிகாரி 1777 அளவில் திருத்தி எழுதிய ஒரு கையெழுத்துப் படியைத் துபுவாவின் நூலோடு ஒப்பிட்டார். இரண்டுக்கும் ஊற்று ஒன்றே என்பது புலனாயிற்று. அந்த மூலத்தை எழுதியவர் இயேசு சபைக் குருவான காஸ்தோன் லொரான் கேர்து. 1732இல் வந்து, தெலுங்கு நாட்டில் பணியாற்றி, 1779இல் புதுச்சேரியில் இறந்தவர். அவருடைய மூலப்படி இன்று இல்லை.

துபுவா தாமே கண்டறிந்தவற்றையும் சேர்த்தார் என்பதை மறுக்கவேண்டாம். பிறர் ஏட்டைத் தம் ஏட்டில் கலந்துகொள்வது அக்காலத்தில் அரிதும் அன்று. ஆயினும் 1773இல் திருத்தந்தை இயேசு சபையைக் கலைத்திருந்தார். இறந்த கேர்துக்காக உரிமை கேட்க ஒரு சபைகூட அப்போது இல்லை. இதை நினைக்கையில் எனக்கு உறுத்துகிறது.

அவர் பெயர் மறைந்தது ஒருமுறை மட்டுமன்று. சமற்கிருதமும் இலத்தீனும் கிரேக்கமும் ஏன் இத்துணை ஒத்திருக்கின்றன என்று கேட்டு, 1767இல் பாரிசு அறிஞர் கழகத்துக்கு எழுதினார். ‘விதவா’, ‘விதுவா’ போன்ற சொற்களை அடுக்கிக் காட்டி, இம்மொழியினர் தொன்மையில் ஓரினத்தவராய் இருந்திருக்க வேண்டும் என்று கருதினார். கழகம் அதை அச்சிட்டது 1808இல்! இடையே, 1786இல், வில்லியம் ஜோன்சு கல்கத்தாவில் இதையொத்த கருத்தைக் கூறிப் புகழ்பெற்றுவிட்டார். ஜோன்சு திருடவில்லை, தாள் பேழைக்குள் உறங்கியதே காரணம்.

நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் வந்தது. ஆசிரியர் இறந்து அறுபது ஆண்டுகள் கழிந்தபின் நூலை எவரும் அச்சிடலாம். ஆனால் அதே சட்டத்தின் 57ஆம் பிரிவு, உரிமையை விற்றுவிட்ட ஆசிரியருக்கும் ‘இது நான் எழுதியது’ என்று சொல்லும் உரிமையைத் தனியே காக்கிறது. மாணவருக்கு இவ்விரண்டையும் நாம் பிரித்துச் சொல்வதில்லை. அடிக்குறிப்பை மதிப்பெண்ணுக்கான சடங்காக்கிவிட்டோம்.

இத்தனையும் சொன்னபின் மாணவனிடம் இன்னொன்றும் சொன்னேன். 1742இல் கேர்து எழுதிய மடல் ஒன்று, சீட்டித் துணிக்குச் சாயமேற்றும் நம் நாட்டு முறையைப் படிப்படியாக விளக்குகிறது. ஐரோப்பாவில் அச்சாகிப் பரவிய மடல் அது. புதிதாகத் திருமுழுக்குப் பெற்ற தொழிலாளரிடம் கேட்டறிந்ததாக அவரே எழுதுகிறார்.

மறுவாரம் மாணவன் கட்டுரையைத் திருத்தி வந்தான். துபுவாவின் பெயருக்கு அருகே கேர்துவின் பெயரும், முர் நூலின் ஆண்டும் இருந்தன. “சாயக்காரர்களின் பெயர்களை எங்கே தேடுவது, ஐயா?” என்றான்.

அவர்கள் தொழிலாளர் என்பதையாவது எழுதிவிடு என்றேன்.