மரபணுவும் மெடிக்ளைமும்: ஒரு மறுப்புக் கடிதத்தின் கதை

அப்பாவுக்கு இருந்த நோய் பிள்ளைக்கும் வந்தால் அது யார் குற்றம்? யார் குற்றமும் இல்லை. ஆனால் நம் நாட்டு மெடிக்ளைம் பாலிசிகள் பலவற்றில் "மரபணுக் கோளாறுகளுக்குப் பணம் கிடையாது" என்று ஒரு வரி ரொம்ப காலம் இருந்தது!

மெடிக்ளைமை 1986-ல் அரசு இன்சூரன்ஸ் நிறுவனங்கள் கொண்டுவந்தன. அவற்றில் ஒன்று, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா. அதில் பல வருடம் பிரீமியம் கட்டிவந்த ஒருவர், இதயத் தசை தடித்துப்போகும் நோய்க்காக 2011-ல் சிகிச்சை பெற்றார். அது மரபணு நோய் என்று சொல்லி கிளெய்ம் மறுக்கப்பட்டது. அவர் விடவில்லை. வழக்குப் போட்டு ஜெயித்தார். நிறுவனம் அப்பீல் போனது.

2018 பிப்ரவரி 26 அன்று டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி பிரதிபா எம். சிங் தீர்ப்புச் சொன்னார். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் எல்லாவற்றிலும் மரபணுவுக்குப் பங்கு இருக்கலாம். அப்படியானால் இந்த ஒரு வரியை வைத்தே யாருக்கும் பணம் தராமல் இருக்கலாமே? இவ்வளவு பொதுவான விலக்கு பாகுபாடு, அரசியல் சட்டத்தின் 14-வது பிரிவுக்கு எதிரானது என்றார்.

கதை அதோடு முடியவில்லை. விலக்கு செல்லாது என்ற பகுதிக்கு அதே வருடம் ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. பிறகு 2019 செப்டம்பரில் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ., மரபணு நோய்களை விலக்கக் கூடாது என்று விதியே போட்டுவிட்டது.

ஆனால் ஒரு ஓட்டை பாக்கி. நோய்க்குச் சிகிச்சை வேறு, மரபணு டெஸ்ட் வேறு. பரிசோதனைக்காக மட்டுமே ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் பணம் தர வேண்டியதில்லை என்ற விலக்கையும் அதே 2019 விதிகள் அனுமதித்தன. அதனால் மறுப்புக் கடிதத்தில் எந்தக் காரணம் எழுதியிருக்கிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. "மரபணு நோய்" என்று இருந்தால் விதி பாலிசிதாரர் பக்கம். "வெறும் பரிசோதனை" என்று இருந்தால், சிகிச்சையை முடிவு செய்ய அந்த டெஸ்ட் ஏன் தேவைப்பட்டது என்று டாக்டரிடம் எழுதி வாங்க வேண்டும்.

முதலில் நிறுவனத்திடமே எழுத்தில் புகார் தர வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். நிறுவனம் மறுத்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். அவர் தரும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. பொங்கலூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கூட ஒரு தபாலில் புகாரை அனுப்பிவிடலாம். அங்கேயும் சரிவராவிட்டால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது.

பாலிசியில் அச்சடித்த வரிதானே என்று அந்த மனிதர் 2011-லேயே விட்டிருந்தால்?