சவுக்கு யாருடைய பெயர்?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தை நெருங்கும்போது ஒரு பக்கம் உப்பளப் பாத்திகள் வெளுத்துக் கிடக்கும். மணல் மேடான இடமெல்லாம் சவுக்குத் தோப்பு. மரத்துக்கு ஏன் அந்தப் பெயர் என்றால் சட்டென்று ஒரு விடை வரும். கிளை சாட்டை போலத் தொங்குகிறது, காற்றடித்தால் சவுக்கு வீசுகிற மாதிரி இரைகிறது, அதனால் சவுக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

அடிக்கிற சவுக்கு பாரசீகச் சொல். 'சாபுக்' என்பது இந்துஸ்தானி வழியாக வந்து நம் வாயில் சவுக்கு ஆயிற்று. மரத்தின் பெயருக்கு வேர் அதுவல்ல. வெவ்வேறு இடத்தில் பிறந்த இரண்டு சொற்கள் தமிழ் நாக்கில் ஒரே ஒலியாகி முட்டிக்கொண்டு நிற்கின்றன. இதற்கான சாட்சியை மரத்திடம் தேடிப் பயனில்லை. ஒரு புதரிடம் கேட்க வேண்டும்.

சிறுசவுக்கு என்று ஒரு செடி உண்டு. தாவர நூலார் டாமரிக்ஸ் என்பார்கள். ஆற்று மணலிலும் உவர்நிலத்திலும் வளரும். ஆள் உயரமோ அதற்குச் சற்று மேலோ போகும். வெளிர் ரோஜா நிறத்தில் பொடிப்பொடியாய்ப் பூக்கும். வேரில் ஏறும் உப்பை இலைச் சுரப்பிகள் வழியே வெளியே தள்ளிவிடுகிற வித்தை இதற்குத் தெரியும். காய்ந்த நாளில் இலைமேல் உப்பு பூத்திருக்கும். இந்தச் செடிக்கு வடமொழிப் பெயர் 'ஜாவுகம்', இந்தியில் 'ஜாவு'. தமிழில் அந்த ஜகரம் சகரமாகி, முதல் நெடில் குறுகிச் சவுக்கு என்று நின்றது. நெடிலை நெடிலாகவே வைத்திருந்தால் சொல்லின் முன்பாதி 'சாவு' என்று ஒலித்திருக்கும். வீட்டுப் பக்கத்தில் நிற்கிற செடிக்கு அது வேண்டாம் என்று நினைத்தார்களோ என்னவோ. இதை நான் வேடிக்கையாகத்தான் சொல்கிறேன், இலக்கண விதியாக அல்ல.

ஆக, முதலில் சவுக்காக இருந்தது புதர்தான். மரம் பிறகு வந்தது. இரண்டையும் அருகில் வைத்துப் பார்த்தால் குழப்பத்துக்குக் காரணம் புரியும். புதரின் இலைகள் செதில் செதிலாய்க் கிளையோடு ஒட்டிக் கிடக்கும். மரத்திலோ நாம் ஊசியிலை என்று நினைப்பது இலையே அல்ல, பச்சையான மெல்லிய குச்சி. அதைக் கணுக்கணுவாக இழுத்துப் பிரித்தால் கணுவைச் சுற்றி அரும்பு அரும்பாய் ஏழெட்டுப் பற்கள் தெரியும். அவைதான் இலைகள். உறவே இல்லாத இரண்டு தாவரங்கள், தூரத்துப் பார்வைக்கு ஒரே சாயல். புதிதாய் வந்த நெடுமரத்துக்குத் தெரிந்த புதரின் பெயரையே வைத்தார்கள். நாளடைவில் தோப்புத் தோப்பாய்ப் பெருகிய மரம் பெயரை முழுக்க எடுத்துக்கொள்ள, பழைய சொந்தக்காரன் அடைமொழி போட்டுக்கொண்டு 'சிறு'சவுக்கு ஆனான்.

இதே கரையில் இன்னொரு அந்நிய மரத்துக்கு நேர் எதிராக நடந்தது. சீமைக்கருவேலம் தென்மாவட்டங்களில் நம் கருவேலத்தின் பெயரை வாங்கினாலும் 'சீமை' என்ற அடைமொழியைத் தானே போட்டுக்கொண்டது. விழுப்புரம் பக்கத்திலோ அதற்கு வேலிகாத்தான் என்று செய்கிற வேலையைச் சொல்லிப் புதுப்பெயரே வைத்துவிட்டார்கள்.

மற்ற மொழிகள் இந்த மரத்துக்கு என்ன பெயர் வைத்தன என்று பார்த்தால் ருசியாக இருக்கும். வங்காளமும் ஒடிசாவும் நம்மைப் போலவே ஜாவு என்றன. தெலுங்கில் சர்வி, சருகுடு, மராத்தியில் சுரு. இவை பாரசீகத் தோட்டங்களின் 'சர்வ்' என்ற சைப்ரஸ் மரத்தை நினைத்து வந்தவை. கன்னடத்துக்கு அது காளி மரம், அதாவது காற்று மரம். மலையாளத்துக்குக் காற்றாடி. என்னைக் கேட்டால் கன்னடமும் மலையாளமும்தான் மரத்தைப் பார்த்துப் பெயர் வைத்தன; மற்றவர்கள் வேறு எதையோ நினைத்துக்கொண்டு வைத்தோம்.

விஞ்ஞானப் பெயர் மட்டும் யோக்கியமா? ஆம்போன் தீவிலிருந்து தாவரங்களை எழுதிய ரம்பியுஸ், மலாய்க்காரர்களின் 'கசுவாரி' பறவையின் சிறகு போலக் கிளைகள் தொங்குவதால் கசுவாரினா என்றார். லின்னேயஸ் 1759இல் அதை ஏற்று, குதிரைவாலி என்கிற பெரணிக் கூட்டத்துச் செடியின் பெயரையும் ஒட்டி, கசுவாரினா எக்விசெட்டிஃபோலியா என்றார். யாழ்ப்பாணத்துக் காரைநகரில் இன்று கசூரினா கடற்கரை என்ற பெயர்ப்பலகை இருக்கிறது. பறக்கத் தெரியாத அந்தப் பறவை ஆங்கிலத்தின் முதுகில் ஏறித் தமிழ்க்கரைக்கு வந்துவிட்டது.

மரம் அந்தமானுக்கு அந்நியமல்ல, நம் பெருநிலத்துக்குத்தான் புதிது. விறகுக்கென்று 1868இல் கார்வாரில் நட்டதைத்தான் வழக்கமாகத் தொடக்கம் என்று குறிப்பார்கள். ரயில் எஞ்சின்களும் சென்னை நகரத்து அடுப்புகளும் விறகு கேட்ட காலம் அது. வேறொன்றும் தேறாத கடல்மணலில் நாலைந்து ஆண்டில் வெட்டுக்கு வருகிற மரம் என்பதால் நெல்லூர், செங்கல்பட்டு, தென்னாற்காடு கரைகளில் தோப்புகள் பரவின. மரக்காணம் அப்போது தென்னாற்காட்டில். பக்கிங்ஹாம் கால்வாய் இங்கேதான் முடிகிறது; உப்பும் விறகும் ஒரே தண்ணீரில் படகேறிச் சென்னைக்குப் போயின. அடுப்பில் கேஸ் வந்தபின் விறகு கழியாகிப் பந்தலுக்கும் கட்டடச் சாரத்துக்கும் போயிற்று, பிறகு காகித ஆலைக்கும் போயிற்று. மரத்தில் எதுவும் வீணில்லை: கழி, மிளாறு, வேர்க்கட்டை, சருகு எல்லாவற்றுக்கும் முன்னால் சவுக்கு என்று ஒட்டிப் பேசுகிறோம். புதருக்கு இந்த வம்சவிருத்தி வாய்க்கவில்லை.

அமெரிக்காவில் புதர் வேறு விதமாக வாழ்ந்தது. 1820களில் நியூயார்க், பிலடெல்பியா நாற்றுப்பண்ணைகளின் விற்பனைப் பட்டியலில் டாமரிக்ஸ் அழகுச்செடியாக இடம்பெற்றது; வேலியோரத்தில் ரோஜா நிறப் பூவுக்காக வாங்கி வைத்தார்கள். நூறாண்டுக்குள் தென்மேற்கு ஆறுகளின் கரையெல்லாம் அதுவாகிவிட்டது. அங்கே அதற்கு வைத்த பெயர் 'சால்ட் சீடர்', உப்புத் தேவதாரு. அது தேவதாரு இனமே அல்ல, உப்பு மட்டும் உண்மை. நம் சவுக்கு மரம் ஃபுளோரிடாவுக்குப் போய் 'ஆஸ்திரேலியன் பைன்' ஆனது. அது பைனும் அல்ல. அங்கே கடற்கரையில் நிழலுக்கும் காற்றுத்தடுப்புக்கும் நட்டதை இப்போது பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள், மாநில அரசு தடைசெய்த தாவரங்களின் பட்டியலில் அதன் பெயரும் இருக்கிறது.